லோடு போர்டில் லோடு பிடிப்பது: அமெரிக்காவில் ஒற்றை டிரக் வைத்து ஓட்டுபவருக்கான கையேடு

ஏற்றக் காத்திருக்கும் சரக்குகளைப் பட்டியலிடும் லோடு போர்டைத் திறந்ததும் கண்ணில் படுவது மைலுக்கு எத்தனை டாலர் என்ற எண். மாதக் கடைசியில் கையில் என்ன நிற்கும் என்பதை அந்த எண் சொல்லாது. ஏற்றப் போகும் வழியில் காலியாக ஓடும் மைல், டாக்கில் (சரக்கு ஏற்றி இறக்கும் மேடையில்) கழியும் மணிநேரம், இறக்கிய ஊரில் அடுத்த லோடு இருக்கிறதா என்பது, பணம் எத்தனை நாளில் வருகிறது என்பது: கணக்கைத் தீர்மானிப்பவை இந்த நான்கும்தான். கீழே வருவது சொந்த அதாரிட்டியில் (வாடகைக்குச் சரக்கு ஏற்ற மத்திய அரசு தரும் அனுமதியில்), 53 அடி டிரை வேன் (மூடிய பெட்டி) அல்லது ரீஃபர் (குளிரூட்டிய பெட்டி) இழுக்கும் ஒற்றை டிரக்காரருக்கானது. திறந்த தட்டு ட்ரெய்லரான பிளாட்பெட் இழுப்பவர்களுக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

போர்டு வேறு, புரோக்கர் ஆப் வேறு

டி.ஏ.டி., டிரக்ஸ்டாப் போன்றவை விளம்பரப் பலகைகள். 1978-ல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் ஒரு டிரக் ஸ்டாப்பில் ‘டயல் எ டிரக்’ என்று தொடங்கியதுதான் இன்றைய டி.ஏ.டி. சரக்கு அனுப்புபவருக்கும் வண்டிக்காரருக்கும் நடுவில் நிற்கும் புரோக்கர்கள் லோடு இருக்கிறதென்று அங்கே போடுகிறார்கள், நீங்கள் போன் செய்து பேசுகிறீர்கள். ஒப்பந்தம் உங்களுக்கும் அந்தப் புரோக்கருக்கும் இடையில்தான். பணம் வராவிட்டால் போர்டு பொறுப்பேற்காது, மாதச் சந்தாவை மட்டும் வாங்கிக்கொள்ளும்.

2017-ல் வந்த ஊபர் ஃப்ரெய்ட் போன்றவை அப்படியல்ல. அந்த ஆப்பே புரோக்கர். விலை திரையில் இருக்கும். பொத்தானை அழுத்தினால் லோடு உங்களுடையது. சந்தா கிடையாது, பேரம் பேச இடமும் குறைவு. எடுத்த லோடைக் கைவிட்டால், தாமதமாகப் போனால், டிராக்கிங்கை அணைத்தால் உங்கள் மதிப்பெண் இறங்கும். அதற்குப் பிறகு நல்ல லோடுகள் உங்கள் திரைக்கே வராமல் போகலாம். ஒரே ஆப்பை நம்பி வண்டி ஓட்டுவது நல்லதல்ல. 2015-ல் தொடங்கி வேகமாக வளர்ந்த கான்வாய் 2023 அக்டோபரில் சட்டென்று நின்றுபோனது. ஒரு கட்டண போர்டு, இரண்டு மூன்று ஆப், நேரடியாகப் பழகிய நாலைந்து புரோக்கர்கள் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

முதல் லோடுக்கு முன் இருக்க வேண்டியவை

போக்குவரத்துத் துறைப் பதிவான யு.எஸ்.டாட் எண், மாநிலம் தாண்டி வாடகைக்கு ஓட எம்.சி. அதாரிட்டி (விண்ணப்பக் கட்டணம் 300 டாலர்), ஒவ்வொரு மாநிலத்திலும் சட்ட அறிவிப்பைப் பெறும் முகவரைக் காட்டும் பி.ஓ.சி.-3, ஆண்டுதோறும் யு.சி.ஆர். பதிவு, பல மாநிலங்களில் ஓட ஐ.ஆர்.பி. பிளேட், எரிபொருள் வரிக்கு இஃப்டா, 55,000 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள வண்டிக்குச் சாலைப் பயன்பாட்டு வரிக்கான 2290 படிவம் (உச்ச வரி ஆண்டுக்கு 550 டாலர்). ஒற்றை ஆளாக இருந்தாலும் போதைப்பொருள் பரிசோதனைக்கு பலருக்கும் சேர்த்துப் பரிசோதனை நடத்தும் ஒரு கன்சார்ட்டியத்தில் சேர்ந்தே ஆக வேண்டும். பலர் விட்டுவிட்டு, பிறகு புதியவர்களுக்கான பாதுகாப்பு ஆடிட்டில் மாட்டிக்கொள்வது இதில்தான். அந்த ஆடிட் முதல் 12 மாதத்துக்குள் வரும்.

பொதுச் சரக்கு ஏற்றும் கனரக வண்டிக்கு மத்திய அரசு கேட்கும் குறைந்தபட்சப் பொறுப்புக் காப்பீடு 7,50,000 டாலர். புரோக்கர்கள் கேட்பது 10 லட்சம். சரக்குக் காப்பீட்டைச் சட்டம் கேட்பதில்லை, ஆனால் 1,00,000 டாலருக்கு இல்லாமல் எந்தப் புரோக்கரும் லோடு கொடுப்பதில்லை என்றே சொல்லலாம். அந்தப் பாலிசியின் விலக்குப் பட்டியலை வரிக்கு வரி படியுங்கள். மின்னணுப் பொருள், மது, புகையிலை, செம்பு போன்றவை பல பாலிசிகளில் விலக்கப்பட்டிருக்கும். ஆளில்லாமல் நிறுத்திய வண்டியில் திருட்டுப் போனால் செல்லாது என்ற வரியும் இருக்கலாம். ரீஃபர் என்றால், குளிரூட்டும் இயந்திரம் கெட்டுச் சரக்கு வீணானால் ஈடு தரும் பிரிவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

புது அதாரிட்டிக்கு முதல் மாதங்கள் கஷ்டம். 90 நாள், 180 நாள் ஆகாத எம்.சி.க்குப் பல புரோக்கர்கள் லோடு தருவதில்லை. இதற்குக் குறுக்குவழி கிடையாது. புதியவர்களை ஏற்கும் புரோக்கர்களைத் தேடிப் பட்டியல் போட்டுக்கொண்டு, வாடகை கொஞ்சம் குறைவானாலும் சுத்தமாக ஓடிப் பெயர் எடுப்பதுதான் வழி.

இன்னொன்று, நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: 2025 ஜூன் 25 முதல், சாலையோரச் சோதனையில் ஆங்கிலத்தில் பதில் சொல்லவோ சாலைப் பலகைகளைப் படிக்கவோ முடியாத ஓட்டுநரை அங்கேயே வண்டி ஓட்டத் தடை செய்கிறார்கள்.

உங்கள் மைல் என்ன விலை?

இந்த எண் தெரியாமல் போர்டைத் திறக்கவே கூடாது. ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்குத்தான், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாதாந்திர நிலைச் செலவு: டிரக் தவணை 2,300, ட்ரெய்லர் 700, காப்பீடு 1,500, போர்டு சந்தா, இ.எல்.டி. (ஓட்டும் நேரத்தைப் பதியும் கருவி), பார்க்கிங், கணக்காளர் எல்லாம் சேர்த்து 500. மொத்தம் 5,000 டாலர். மாதம் 10,000 மைல் ஓடினால் மைலுக்கு 50 சென்ட். டீசல் கேலன் 3.90, வண்டி கேலனுக்கு 6.5 மைல் என்றால் மைலுக்கு 60 சென்ட். டயர், ஆயில், பழுதுக்கு 20 சென்ட். உங்கள் சம்பளம் 60 சென்ட். ஆக 1.90 டாலர்.

இதில் ஏமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, சொந்தச் சம்பளத்தைச் செலவாகப் போடாமல் ‘மிச்சம்தான் என் சம்பளம்’ என்பது. அப்படிப் போனால் 1.40-க்கு லோடு எடுத்தும் லாபம் போலவே தெரியும். இரண்டாவது, வகுக்கும் எண். 10,000 என்பது காலி மைலும் சேர்ந்தது. வண்டி ஒரு வாரம் ஷெட்டில் நின்று 8,000 மைல்தான் ஓடியது என்றால் நிலைச் செலவு மட்டுமே மைலுக்கு 62.5 சென்ட் ஆகிவிடும்.

திரையில் இருக்கும் லோடைப் படிப்பது

இரண்டு லோடு பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. முதலாவது 450 மைலுக்கு 1,350 டாலர், மைலுக்கு 3.00. இரண்டாவது 700 மைலுக்கு 1,645 டாலர், மைலுக்கு 2.35. எதை எடுப்பது?

முதல் லோடை ஏற்ற 120 மைல் காலியாகப் போக வேண்டும். இறக்கும் ஊரில் லோடு இல்லை, அடுத்த சந்தைக்கு 180 மைல் வெறும் வண்டி. மொத்தம் 750 மைல். 1,350-ஐ 750-ஆல் வகுத்தால் 1.80. மேலே சொன்ன செலவையே எட்டவில்லை. இரண்டாவதில் ஏற்றப் போக 40, இறக்கிய பின் 20. மொத்தம் 760 மைல், 2.16. மூன்று டாலர் லோடு நஷ்டம், 2.35 டாலர் லோடு லாபம். வாடகையை எப்போதும் எல்லா மைலுக்கும் சேர்த்தே வகுங்கள்.

இறக்கும் ஊரின் நிலவரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? அந்த ஊரைப் புறப்படும் இடமாகப் போட்டு, நீங்கள் காலியாகும் தேதியில் போர்டில் தேடுங்கள். எத்தனை லோடு இருக்கிறது, எத்தனை வண்டி காத்திருக்கிறது என்ற விகிதத்தைக் கட்டண போர்டுகள் காட்டும். சில இடங்களின் குணம் மாறாதது. ஃபுளோரிடாவுக்குள் போகும் சரக்கு அதிகம், வெளியே வருவது குறைவு. வசந்த காலத்தில் காய்கறி அறுவடை வரும்போது மட்டும் நிலைமை தலைகீழாகும். ஆகவே உள்ளே போகும் லோடில் நல்ல வாடகை காட்டினால் அது பரிசு அல்ல, திரும்பி வரும் வெறும் ஓட்டத்துக்கான முன்பணம்.

கிழமையும் கணக்கில் வரும். வெள்ளி ஏற்றித் திங்கள் காலை இறக்கும் 400 மைல் லோடு, ஒருநாள் வேலைக்கு மூன்று நாளைத் தின்கிறது. வாடகையை மைலால் மட்டுமல்ல, நாளாலும் வகுத்துப் பாருங்கள்.

எடையையும் கவனியுங்கள். வெறும் டிரக்கும் ட்ரெய்லரும் சேர்ந்து 33,000 முதல் 36,000 பவுண்டு வரை இருக்கும். மொத்த வரம்பு 80,000. விளம்பரத்தில் 45,000 பவுண்டு என்றிருந்தால் உங்கள் வண்டிக்கு ஒத்துவருமா என்று முதலிலேயே பாருங்கள். ஒரே வாடகைக்கு 12,000 பவுண்டு லோடும் 44,000 பவுண்டு லோடும் கிடைத்தால் இலேசானதை எடுப்பதில் டீசலும் மிச்சம், டயரும் மிச்சம்.

போனில் பேசும் போது

‘என்ன ரேட்?’ என்று தொடங்காதீர்கள். லோடு இன்னும் இருக்கிறதா, என்ன சரக்கு, எத்தனை பேலட் (சரக்கு அடுக்கிய பலகை), சரியான எடை, ஏற்றும் நேரமும் இறக்கும் நேரமும் குறித்த நேரமா அல்லது வந்த வரிசையா, இறக்குவது யார், டிராக்கிங் உண்டா என்பதை முதலில் கேளுங்கள். 53 அடி ட்ரெய்லரில் 48-க்கு 40 அங்குல பேலட் நேராக வைத்தால் 26, திருப்பி வைத்தால் 30. ஆகவே ‘28 பேலட்’ என்றால் எப்படி ஏற்றுவார்கள் என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகள் புரோக்கருக்கும் ஒரு செய்தி சொல்கின்றன: எதிரில் பேசுபவர் விவரம் தெரிந்தவர்.

பிறகு உங்கள் விலையைச் சொல்லுங்கள், காரணத்தோடு. ‘அந்த ஊரிலிருந்து 150 மைல் காலியாக வர வேண்டும், அதனால் 1,900’ என்றால் பேரம் பேச இடமிருக்கிறது. ‘டீசல் ஏறிவிட்டது’ என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். இன்றே ஏற்ற வேண்டிய லோடு மதியத்துக்கு மேலும் போர்டில் கிடந்தால் புரோக்கருக்கு நெருக்கடி; விலை ஏறும். காலை ஏழு மணிக்குப் போட்ட நாளை மறுநாள் லோடில் அவருக்கு அவசரமில்லை. ஒத்துக்கொண்ட ஒவ்வொன்றும் பேச்சிலேயே நின்றுவிடக் கூடாது. காகிதத்தில் வந்தால்தான் உண்டு.

யாரோடு பேசுகிறீர்கள்?

போர்டுகளில் இன்று பெரிய தலைவலி, லோடை எடுத்து இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டுப் பணத்தோடு மறைபவர்கள். உண்மையான ஒரு நிறுவனத்தின் பெயரையும் எம்.சி. எண்ணையும் போட்டுக்கொண்டு பேசுவார்கள். நீங்கள் சரக்கைச் சேர்த்திருப்பீர்கள். உண்மையான புரோக்கர் நடுவில் நின்ற கள்ளனுக்குப் பணம் கொடுத்திருப்பார், உங்களைத் தெரியவே தெரியாது என்பார்.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். டிரக் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான எஃப்.எம்.சி.எஸ்.ஏ.வின் சேஃபர் தளத்தில் அந்த எம்.சி. எண்ணைப் போட்டு, புரோக்கர் அதாரிட்டி நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பதிவான தொலைபேசி எண்ணுக்கு நீங்களே அழைத்து, ‘இந்த லோடு உங்களுடையதா, இந்தப் பெயரில் ஆள் இருக்கிறாரா’ என்று கேளுங்கள். வந்த எண்ணுக்கே திருப்பி அழைப்பது சோதனையாகாது. மின்னஞ்சல் முகவரியில் நிறுவனப் பெயரோடு ஒரு எழுத்து கூடவோ குறையவோ இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் படியுங்கள். சந்தை விலையைவிட வாடகை வெகு அதிகம், பேரமே பேசாமல் ஒத்துக்கொள்கிறார், உடனே ஆள் அனுப்பச் சொல்கிறார்: மூன்றும் சேர்ந்து வந்தால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு வலை, ‘பதிவு செய்துகொள்ள இந்த லிங்கை அழுத்துங்கள்’ என்று வரும் செய்தி. அதில் போர்டின் கடவுச்சொல்லையோ யு.எஸ்.டாட் பின் எண்ணையோ கொடுத்தால், நாளைக்கு உங்கள் பெயரிலேயே வேறு யாரோ லோடு எடுத்துச் சரக்கைக் கடத்துவார்கள். பின் எண்ணை எந்தப் புரோக்கரும் கேட்கத் தேவையில்லை. அவருக்கு வேண்டியது அதாரிட்டி கடிதம், காப்பீட்டுச் சான்று, டபிள்யூ-9 (வரி எண் படிவம்), வங்கி விவரம் அல்லது ஃபேக்டரிங் நிறுவனத்தின் (இன்வாய்ஸை வாங்கிக்கொண்டு முன்கூட்டியே பணம் தருபவரின்) கடிதம். அவ்வளவுதான்.

ஏற்றும் இடத்தில் இன்னொரு சோதனை உண்டு. அங்கே தரும் பில் ஆஃப் லேடிங்கில் (சரக்குச் சீட்டில்) கேரியர் (சரக்கை ஏற்றிச் செல்பவர்) என்று வேறு நிறுவனப் பெயர் இருந்தால், லோடு கைமாறியிருக்க வாய்ப்பு அதிகம். வண்டியை நகர்த்தும் முன் பேசித் தெளிவுபடுத்துங்கள். பாதி வழியில் போனில் ‘இறக்கும் முகவரி மாறிவிட்டது’ என்று வந்தால், திருத்திய ரேட் கன்ஃபர்மேஷன் (வாடகை ஒப்பந்தத் தாள்) எழுத்தில் வந்து, சரிபார்த்த எண்ணில் உறுதி செய்யும் வரை புது முகவரிக்குத் திரும்பாதீர்கள். சரக்குத் திருட்டுக்கு இதுவும் ஒரு வழக்கமான தந்திரம்.

ரேட் கன்ஃபர்மேஷனில் எதைத் தேட வேண்டும்

கையெழுத்துப் போட்ட பிறகு இதுதான் சட்டம். முகவரி, நேரம், எடை, தொகை நான்கையும் போனில் பேசியதோடு ஒப்பிடுங்கள். பிறகு சின்ன எழுத்துக்கு வாருங்கள்.

டிடென்ஷன் என்ற காத்திருப்புக் கூலி வழக்கமாக இரண்டு மணி நேரம் இலவசத்துக்குப் பிறகு தொடங்கும். ஆனால் இரண்டு மணி முடியும் முன்பே மின்னஞ்சலில் தெரிவித்தால்தான் உண்டு என்றோ, டிராக்கிங் ஓடிக்கொண்டிருந்தால்தான் உண்டு என்றோ ஒரு வரி ஒளிந்திருக்கும். குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் கூலி இல்லை என்பதும் சகஜம். உள்ளே வந்த நேரமும் வெளியேறிய நேரமும் பில்லில் எழுதி கையெழுத்து வாங்காவிட்டால் கேட்டுப் பயனில்லை.

வண்டி போய் நின்ற பிறகு லோடு ரத்தானால் என்ன தொகை, ஒருநாள் காத்திருந்தால் என்ன தொகை, இறக்கு கூலியை யார் தருவது என்பவை எழுதப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். வேறொரு லோடில் வந்த சேதத்துக்காக இந்த லோடின் பணத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்ற வரி வந்தால் அடித்துத் திருப்பி அனுப்பிப் பாருங்கள், சிலர் ஒத்துக்கொள்வார்கள். ஷிப்பர் (சரக்கு அனுப்புபவர்) புரோக்கருக்குக் கொடுத்தது எவ்வளவு என்ற பதிவைப் பார்க்க மத்திய விதி 371.3 உங்களுக்கு உரிமை தருகிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லும் வரியும் ஒப்பந்தங்களில் சாதாரணமாக இருக்கும். தெரிந்தே கையெழுத்திடுங்கள்.

ஏற்றும் இடம்

முன்கூட்டியே ட்ரெய்லரைப் பெருக்கி, தரையில் ஆணி, கூரையில் ஓட்டை, வாடை எதுவும் இல்லையென்று பாருங்கள். உணவுச் சரக்குக்காரர் வாடைக்கே வண்டியைத் திருப்பி அனுப்புவார். ரீஃபரில் ஏற்றும் முன்பே பெட்டியைக் குளிர்வித்திருக்க வேண்டும். ரீஃபர், இருக்கும் குளிரைக் காப்பாற்றுமே தவிரச் சூடான சரக்கைக் குளிர வைக்காது. பில்லில் 34 டிகிரி ஃபாரன்ஹீட் என்றிருந்து, உள்ளே வருகிற பெட்டி 45 டிகிரி இருந்தால் பழத்துக்குள் வெப்பமானியைக் குத்திப் பார்த்து, அந்த எண்ணை பில்லிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் இறக்கும் இடத்தில் பழி உங்கள் தலையில் விழும். தொடர்ந்து ஓட வேண்டுமா, விட்டுவிட்டு ஓடலாமா என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

பெட்டிகளை எண்ண விட்டால் எண்ணுங்கள். விடாமல் அவர்களே ஏற்றிச் சீல் வைத்தால், ‘ஷிப்பர் லோடு அண்டு கவுண்ட்’ (ஏற்றியதும் எண்ணியதும் அனுப்புபவர்) என்று பில்லில் எழுதி, சீல் எண்ணையும் எழுதி, படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேதமான பெட்டி கண்ணில் பட்டால் எத்தனை என்று குறியுங்கள். சரக்குச் சேதத்துக்கான மத்திய சட்டமான கார்மேக் சட்டப்படி, நல்ல நிலையில் வாங்கிய சரக்கு கெட்டோ குறைந்தோ சேர்ந்தால் கேரியர்தான் பொறுப்பு. நல்ல நிலையில் வாங்கினீர்கள் என்பதற்குச் சாட்சி அந்த பில்லில் உங்கள் கையெழுத்து.

கனமான லோடு என்றால் பக்கத்து எடைமேடைக்குப் போங்கள், டீசல் நிரப்பும் முன்பே. 100 கேலன் டீசல் 700 பவுண்டு. வரம்பு: மொத்தம் 80,000, இரட்டை அச்சுக்கு 34,000, முன் அச்சு சாதாரணமாக 12,000. உதாரணம்: முன் அச்சு 11,900, டிரைவ் (டிரக்கின் பின் அச்சுகள்) 35,200, ட்ரெய்லர் அச்சு 32,100. மொத்தம் 79,200 தான், ஆனால் டிரைவில் 1,200 அதிகம். ட்ரெய்லர் அச்சை முன்னால் தள்ளினால் டிரைவின் சுமை குறைந்து ட்ரெய்லர் அச்சுக்குப் போகும். அச்சைப் பூட்டும் துளைகளில் ஒரு துளைக்குச் சுமார் 250 முதல் 400 பவுண்டு நகரும், துளை இடைவெளியைப் பொறுத்தது. 400 என்றால் நாலு துளை: டிரைவ் 33,600, ட்ரெய்லர் 33,700. மறுபடி எடை போடுங்கள். பின்னால் தள்ளும்போது மாநில வரம்பை மறக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் கிங்பின்னிலிருந்து (ட்ரெய்லரை டிரக்கோடு பூட்டும் முளையிலிருந்து) கடைசி அச்சு வரை 40 அடிதான். அச்சை நகர்த்தியும் சரிவராவிட்டால் ஏற்றிய இடத்துக்கே திரும்பி மாற்றி அடுக்கச் சொல்ல வேண்டும். ‘எடைச் சாவடி மூடியிருக்கும்’ என்று கிளம்புவது சூதாட்டம்.

பிளாட்பெட்டில், கட்டும் சங்கிலி, பட்டைகளின் வேலைச்சுமை வரம்புகளைக் கூட்டினால் சரக்கின் எடையில் பாதியாவது வர வேண்டும். முன்புறம் தடுப்பு இல்லாத சரக்கு 10 அடி வரை இரண்டு கட்டு, அதற்கு மேல் ஒவ்வொரு 10 அடிக்கும் அதன் மிச்சத்துக்கும் ஒன்று கூடுதல். முதல் 50 மைலுக்குள் நிறுத்தி இறுக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகு 150 மைல் அல்லது மூன்று மணி நேரம், எது முதலில் வருகிறதோ அப்போது. புதுப் பட்டை முதல் 50 மைலில் தளர்வது இயல்பு.

கடிகாரம்

விதி எல்லோருக்கும் தெரியும்: 10 மணி ஓய்வுக்குப் பிறகு 14 மணி நேரச் சாளரம், அதற்குள் 11 மணி ஓட்டலாம், 8 மணி ஓட்டியபின் 30 நிமிட இடைவேளை, 8 நாளில் 70 மணி. மறந்துபோவது, 14 மணி நிற்காமல் ஓடுகிறது என்பது. காலை 6-க்குக் கணக்கைத் தொடங்கி, 7 முதல் 12 வரை டாக்கில் நின்றால், இரவு 8-க்குச் சாளரம் மூடும். மீதி 8 மணி. சராசரி 55 மைல் வேகம் வைத்தாலும் 440 மைல்தான். ‘550 மைல், இன்றிரவே இறக்கலாம்’ என்று ஒத்துக்கொண்டது அங்கேயே உடைந்துவிட்டது. உடைந்தது தெரிந்த நிமிடமே புரோக்கரிடம் சொல்லுங்கள். மாலை 7-க்குச் சொன்னால் அபராதம், மதியம் 12-க்குச் சொன்னால் பெரும்பாலும் நேரம் மாற்றித் தருவார்கள்.

இதற்கு மருந்து, ஓய்வைப் பிரித்து எடுக்கும் ஸ்லீப்பர் (டிரக்கில் உள்ள படுக்கை) விதி. டாக்கில் உங்களுக்கு வேலை எதுவும் இல்லை, வண்டியைப் பார்க்க வேண்டிய பொறுப்பும் இல்லை என்றால், அந்த நேரத்தை ஆஃப் டியூட்டி அல்லது ஸ்லீப்பரில் போடுங்கள். குறைந்தது 2 மணி அப்படிப் போய், பிறகு குறைந்தது 7 மணி ஸ்லீப்பரில் எடுத்து, இரண்டும் கூட்டி 10 வந்தால், இரண்டுமே 14 மணியில் சேராது. ஏற்றுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டே ஸ்லீப்பர் என்று போடுவது பொய்ப் பதிவு. அது வேறு வழக்கு.

இறக்கிய பின், பணம் வரும் வரை

கையெழுத்தும் தேதியும் நேரமும் உள்ள பில் இல்லாமல் டாக்கை விட்டு நகராதீர்கள். குறை, சேதம் என்று ஏதாவது எழுதினால் அங்கிருந்தே படமெடுத்துப் புரோக்கருக்கு அனுப்புங்கள். நிராகரித்த பேலட்டை நீங்களாக எறியவோ விற்கவோ கூடாது. எங்கே கொண்டுபோவது என்று எழுத்தில் வாங்க வேண்டும். இறக்கு கூலி கொடுத்திருந்தால் ரசீது. இன்வாய்ஸ், ரேட் கன்ஃபர்மேஷன், பில், ரசீது நான்கையும் அன்றே அனுப்புங்கள். பணம் தரும் 30 நாள் கெடு என்பது காகிதம் முழுதாகப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். மங்கலான ஒரு படத்தால் இரண்டு வாரம் போவது சாதாரணம்.

மேலே போட்ட மாதிரிக் கணக்கில், உங்கள் சம்பளம் போக மாதம் 13,000 டாலர் கையிலிருந்து போகிறது. வாடகை வரும் வரை அதைத் தாங்கக் கையில் பணம் இல்லாதவர் ஃபேக்டரிங்குக்குப் போகிறார். 3 சதவீதம் என்றால் 1,645 டாலர் லோடில் 49 டாலர் போகும். ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது சதவீதத்தைவிட மற்றவை. புரோக்கர் தராவிட்டால் பணத்தை உங்களிடமே திரும்பப் பிடிக்குமா? மாதம் இத்தனை டாலர் கட்டாயம் என்று இருக்கிறதா? விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு? ஃபேக்டரிங் நிறுவனம் ஒரு புரோக்கரை ஏற்க மறுத்தால், அதுவே உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த கடன் விசாரணை. அந்த லோடைத் தொடாதீர்கள்.

வருகிற ஒவ்வொரு தொகையிலும் வரிக்கு ஒரு பங்கு வேறு கணக்குக்குப் போகட்டும். சுயதொழில் வரி மட்டும் 15.3 சதவீதம், வருமான வரி தனி. முன்கூட்டிய தவணைகள் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி 15-ம் தேதிகளில். இஃப்டா காலாண்டுக் கணக்கு அடுத்த மாதக் கடைசி நாளுக்குள். மாநில வாரியான மைலை இ.எல்.டி. தரும், டீசல் ரசீதை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும், நான்கு வருடத்துக்கு.

தவணை கடந்தும் பணம் வரவில்லை என்றால் முதலில் புரோக்கரின் கணக்குப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள், ஒரு வார கெடு வையுங்கள். பதில் இல்லாவிட்டால் புரோக்கர் வைத்திருக்கும் ஈட்டுறுதியான பாண்டுக்குப் போகலாம். 2013 அக்டோபர் முதல் ஒவ்வொரு புரோக்கரும் 75,000 டாலர் பாண்டு அல்லது டிரஸ்ட் வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த 75,000 உங்களுக்கு மட்டுமல்ல, அவர் ஏமாற்றிய எல்லோருக்கும் சேர்த்து. புரோக்கர் மூழ்குகிறார் என்று வதந்தி வந்த பிறகு காத்திருந்தால் பங்கு சென்ட்களில்தான் வரும். பாண்டு கொடுத்த நிறுவனத்தின் பெயர் எஃப்.எம்.சி.எஸ்.ஏ.வின் உரிமம், காப்பீட்டுப் பதிவில் அந்தப் புரோக்கரின் எம்.சி. எண்ணுக்குக் கீழே இருக்கும். அவர்களுக்கு இன்வாய்ஸ், இருவரும் கையெழுத்திட்ட ரேட் கன்ஃபர்மேஷன், இறக்கிய இடத்தில் கையெழுத்தான பில், நீங்கள் பணம் கேட்டு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக அனுப்புங்கள்.